மண்ணைப் பார்த்து நின்ற சாமி

உங்கள் மூன்று வயதுக் குழந்தை ஒரு சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. அது பீரங்கிக் குண்டு என்று அந்த நொடியில்தான் உங்களுக்குத் தெரியவருகிறது. குழந்தையை எந்தக் குரலில் கூப்பிடுவீர்கள்?

எனக்கு இன்னும் தெரியவில்லை. அதட்டினால் பயந்து இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். கொஞ்சினால் விளையாட்டு என்று நினைத்துத் தட்டுவாள். ஓடிப்போய்த் தூக்கினால் காலை உதைப்பாள்; அது அவள் வழக்கம். நான் நின்ற இடத்திலேயே நின்று, மாமியாரிடம் பேசும் குரலில், "யாழினி, கொஞ்சம் இங்க வாங்க" என்றேன். அவளை அதுவரை நான் 'வாங்க' என்று கூப்பிட்டதே இல்லை. ஆச்சரியத்தில் கையை எடுத்துவிட்டு வந்தாள். இதை ஒரு வழிமுறையாக உங்களுக்குச் சொல்லித்தர மாட்டேன். ஒரு தடவை பலித்தது, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் முதல் தேதி நீங்கள் இருவரும் என் மேசைக்கு வருகிறீர்கள். நான் வேலையை விடுகிறேன். ஓய்வுபெறும் வயது எனக்கு இல்லை. இரண்டாவது குழந்தை பிறக்கப்போகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஆறு வருடங்களாகப் பேரா மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களில் போர்க்கால நினைவுகளைப் பதிவுசெய்து வந்திருக்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியை எப்படி இயக்குவது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் அலமாரியில் நீலக் கோப்பில் இருக்கிறது. கோப்பில் இல்லாததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. யாரிடமும் போரைப் பற்றிக் கேட்காதீர்கள். போர் என்பது பாடநூலில் இருப்பது. தோட்டத்து மக்களுக்கு அது ஜப்பான் காலம். வேலையில் சேர்ந்த முதல் மாதம் ஆயர் தாவாரில் ஒருவரிடம், "இரண்டாம் உலகப் போரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். "டிவியில பாத்தேன்மா. நல்லாத்தான் எடுத்திருந்தான்" என்றார். தேநீர் கொடுத்து அனுப்பினார். அவருடைய அப்பா சயாமுக்கு ரயில் பாதை போடப் போய்த் திரும்பவில்லை என்பது, இரண்டு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் அந்த முதியவர் மகன் வீட்டோடு இருக்கச் சிங்கப்பூர் போய்விட்டார். அந்தப் பதிவு நம்மிடம் இல்லை.

இரண்டாவது, போன மாதம் நடந்தது.

பத்து காஜா ஊரைத் தாண்டி ஒரு தோட்டம். பெயர் கோப்பில் இருக்கிறது. ரப்பர் பால்மரத்தை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். இப்போது செம்பனையையும் அழித்து வீடு கட்டப்போகிறார்கள். தொழிலாளர் லயங்களை இடித்தாகிவிட்டது. பாதையோரம் தகரக் கூரை போட்ட முனியாண்டி கோயில் மட்டும் மிச்சம். நிலத்தை வாங்கிய நிறுவனம், கோயிலை எடுக்கச் சொல்லி மூன்று கடிதம் அனுப்பியிருந்தது. பூசை நடக்கிற கோயிலில் சட்டென்று கைவைக்கத் தயங்குவார்கள் என்பது அங்கிருந்து வெளியேறிய பன்னிரண்டு குடும்பங்களின் கணக்கு. அதனால் ஈப்போவிலிருந்தும் லகாட்டிலிருந்தும் வந்து, ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமல் பூசை போட்டார்கள். அந்தத் தோட்டத்தில் அவர்களுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஒரு கூரைதான்.

பூசாரி மணியம் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். லகாட்டில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. இரவு வேலை முடித்து, காவலாளிச் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு பூசைக்கு நிற்பார். "ரெண்டும் ஒரே வேலைதான்லா தங்கச்சி. வாசல்ல நிக்கணும், உள்ள இருக்கறவருக்குப் பதில் சொல்லணும்" என்று முதல் நாளே சொன்னார்.

அவர்கள் சாமி ஜப்பான் காலத்தில் வந்தவர் என்று கேள்விப்பட்டு, அந்தக் கதையைப் பதிவுசெய்யப் போயிருந்தேன். யாழினியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா அன்று விடுப்பு. வேலை இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போகக்கூடாது என்பது விதி. கோயிலுக்குக் கூட்டிப்போகக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கூட்டிப்போனேன்.

மணியம் அண்ணன் சொன்னது இது. "வெள்ளைக்காரன் தெக்கால ஓடுறான். ஜப்பான்காரன் பின்னாலேயே வாரான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அடிக்கிறானுங்க. நம்ம ஆளுங்க முப்பது பேரு, புள்ள குட்டியோட, காட்டு ஓடைக்குள்ள குப்புறப் படுத்துக் கிடக்காங்க. மேல விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். தொம்முன்னு ஒண்ணு. அப்புறம் ஒண்ணும் இல்ல. விடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா, ஓடைக்குப் பத்தடி தள்ளி மண்ணுல சாமி நிக்கிறாரு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல."

நான் அதைத் தலபுராணம் என்ற தலைப்பில் குறித்துக்கொண்டேன். நம் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. 'விசில் சத்தம்' என்பதையும் அடிக்கோடிட்டு எழுதினேன். எழுதியது கையோடு நின்றுவிட்டது. தலைக்குப் போகவில்லை.

பிறகு அவர் சாமிக்குத் தண்ணீர் ஊற்றினார். போன வாரத்துச் சந்தனமும் மஞ்சளும் கரைந்து ஓடின. உள்ளே கறுத்த இரும்பு. முழங்கால் உயரம், தட்டையான தலை. தலைக்குக் கொஞ்சம் கீழே ஒரு செம்பு வளையம். வாராவாரம் புளி போட்டுத் தேய்த்ததில் பளபளத்தது. வளையத்தில் சாய்வாகக் கோடுகள்.

சென்ற ஆண்டு ஈப்போவில் ஒரு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போர்க்காலப் பொருட்களை அடையாளம் காண்பது எப்படி என்று. நான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பீரங்கிக் குழாய்க்குள் உரசிக்கொண்டு வரும்போதுதான் குண்டின் வளையத்தில் சாய்ந்த கோடுகள் விழும் என்றார்கள். கோடு இருந்தால் அது சுடப்பட்ட குண்டு. சுடப்பட்டும் முழுசாக இருந்தால் அது இன்னும் வெடிக்கவில்லை. இதெல்லாம் எனக்கு எங்கே பயன்படப்போகிறது என்று நினைத்தது நினைவிருக்கிறது.

அப்போதுதான் தண்ணீர் விளையாட்டில் குளிர்ந்துபோன யாழினி சாமியை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா, "விடும்மா, புள்ளைய அவருக்குப் புடிச்சிருக்கு" என்றார்.

அவள் என்னிடம் வந்த பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினேன். கைப்பேசியை அணைத்தேன், குண்டின் பக்கத்தில் பயன்படுத்தக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "புள்ளைக்குக் காய்ச்சல் அடிக்குதுண்ணே, கிளம்புறேன்" என்றேன். யாழினியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் கேட்பார்கள். திரும்பிப் பார்த்தபோது மணியம் அண்ணன் சாமியின் காலடியில் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். அதில் இரண்டு குழந்தைகள்.

என் குழந்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். இதை நீங்கள் வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்வது நல்லது.

பெரிய சாலையில் காரை நிறுத்தி நம் மேலாளரைக் கூப்பிட்டேன். "படம் எடுத்தீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, எழுத்து மூலமா அனுப்புங்க, திங்கட்கிழமை பேசுவோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. வெள்ளிக்கிழமை அவருக்குக் கூட்டம் இருந்தது.

பிறகு பத்து நிமிடம் காரிலேயே இருந்தேன். போலீசைக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தடுப்பு நாடா கட்டுவார்கள், ஆட்களை வெளியேற்றுவார்கள், இருந்த இடத்திலேயே வெடிக்க வைப்பார்கள். கோயில் போகும். மூன்று கடிதம் போட்டு முடியாத வேலையை நிறுவனத்துக்கு நான் ஒரே அழைப்பில் முடித்துக்கொடுத்தவளாவேன். எண்பது வருடம் வெடிக்காதது இன்றைக்கா வெடிக்கப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. எண்பது வருடம் காத்திருந்தது இன்றைக்கென்றே வெடிக்கும் என்று இன்னொரு மனம் சொன்னது. பிள்ளை பெற்ற பிறகு எனக்கு இரண்டாவது மனம்தான் பலமாக இருக்கிறது. கூப்பிட்டேன். அந்தப் பத்து நிமிடமும் அங்கே சூடம் எரிந்துகொண்டிருந்தது. முதலிலேயே கூப்பிட்டிருக்க வேண்டுமா, அல்லது முதலில் திரும்பிப்போய் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

என் கணவர் வந்து யாழினியை வாங்கிக்கொண்ட பிறகு நான் திரும்பிப் போனேன். மதியமாகிவிட்டது. போலீஸ் நாடா கட்டியிருந்தார்கள். குண்டு அகற்றும் பிரிவின் வண்டி வந்திருந்தது. நாடாவுக்கு இந்தப் பக்கம் ஒரு கித்தானில் மணியம் அண்ணனும் லெட்சுமி அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"காய்ச்சல் எறங்கிருச்சா?" என்றார் மணியம் அண்ணன்.

"காய்ச்சல் இல்லண்ணே."

"தெரியும்."

"அண்ணே, அது சாமி இல்ல. குண்டு."

"அதுவும் தெரியும்லா."

லெட்சுமி அக்கா குறுக்கிட்டார். "நாங்க என்ன பால்குடிப் புள்ளைங்களா? விசில் அடிச்சிக்கிட்டு எந்தச் சாமிம்மா வரும்?"

"தெரிஞ்சேவாக்கா கும்பிட்டீங்க?"

"வெடிச்சிருந்தா அந்த ஓடையில கெடந்த முப்பது பேரும் போயிருப்பாங்க" என்றார் மணியம் அண்ணன். "நான் ஏது, இவ ஏது. வெடிக்கல. அதுக்குத்தான் கும்பிட்டாங்க. நாங்களும் அதுக்குத்தான் கும்பிடுறோம்."

"பக்கத்துலயே சூடம் கொளுத்துறீங்களே, ஆபத்துன்னு தோணலையா?"

"அதான் பயபக்தியா கொளுத்துறோம்."

பொங்கலை ஒரு தட்டில் வைத்து என்னிடம் நீட்டினார் அக்கா. வாங்கிக்கொண்டேன். "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே போலீஸ கூப்பிட்டிருப்பேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மணியம் அண்ணன். "கூப்பிட்டிருக்க மாட்டேன். ஆனா நீங்க கேட்டிருக்கலாம் தங்கச்சி. அதுக்குத்தானே வந்தீங்க, கேக்கறதுக்கு."

தம்பி, தங்கை, உங்களுக்கு நான் சொல்ல வந்த பாடம் இதுதான். கோப்பில் எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார். ஓடை, விசில் சத்தம், தொம்மென்று விழுந்தது, அப்புறம் ஒன்றும் நடக்காதது. வரலாற்றை அப்படியே சொன்னார். நான் அதைக் கதை என்ற கட்டத்தில் போட்டேன். அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

குண்டு அகற்றும் பிரிவின் சார்ஜன் வந்தார். அமைதியான மனிதர். மலாயில்தான் பேசினார். குண்டு பெரியது, பழையது, இருக்கிற இடத்திலேயே மண்மூட்டை அடுக்கி வெடிக்க வைப்பதுதான் பாதுகாப்பு என்றார். கூரை தாங்காது, மன்னிக்க வேண்டும் என்றார். மணியம் அண்ணன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக என் வேலையைச் செய்தேன். கேட்டேன். "அண்ணே, சாமி எப்பவுமே இந்த இடத்துலதான் இருந்தாரா?"

"இல்லையே. மேட்டுல, அந்த ஓடைப் பக்கம் இருந்தாரு. பால்மரத்த அழிச்சப்போதான் கீழ கொண்டாந்தோம்."

சார்ஜன் திரும்பிப் பார்த்தார். எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்.

"லாரியில, சார்ஜன். தப்பு அடிச்சிக்கிட்டு."

"இந்தப் பாதையிலா?" என்றார் சார்ஜன். அந்தப் பாதையில் என் கார் இரண்டு இடத்தில் அடி தட்டியிருந்தது.

"மொதல்ல தோள்லதான் தூக்குனோம். எங்க சித்தப்பாவுக்கு அருள் வந்துருச்சு. தூக்கிக்கிட்டே ஆடிட்டாரு. கை நழுவிருச்சு. அதுக்கப்புறம்தான் லாரி."

சார்ஜன் தலைக்கவசத்தைக் கழற்றினார். கித்தானில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "எத்தனை தடவை கீழே விழுந்தது?" என்று கேட்டார்.

"ஒரே தடவைதான்" என்றார் மணியம் அண்ணன், சித்தப்பாவை விட்டுக்கொடுக்காமல்.

சார்ஜன் எழுந்துபோய்த் தன் ஆட்களோடு நெடுநேரம் பேசினார். திரும்பிவந்து, தூக்கிக்கொண்டு போய்ப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பக்கத்து மணல்மேட்டில் வைத்து வெடிக்க வைக்கலாம், கூரைக்கு ஒன்றும் ஆகாது என்றார். எதை வைத்து முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அது அவர் தொழில். தூக்குவதற்கு முன்னால் மணியம் அண்ணனைக் கூப்பிட்டு, தயக்கத்தோடு, "இதற்கு முகம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். மரியாதைக்குத்தான் கேட்டிருக்க வேண்டும்.

"முகம் கீழ இருக்கு சார்ஜன். மண்ணப் பாத்துதான் நிப்பாரு. அந்தப் பக்கம் மட்டும் கை படாம தூக்கச் சொல்லுங்க."

"நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், வெடிமுனை அங்கேதான்" என்றார் சார்ஜன்.

நெருப்பு கூடாது என்றதால் சூடம் காட்டவில்லை. லெட்சுமி அக்கா நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பூவை வீசினார். பாதிகூடப் போய்ச் சேரவில்லை. இளைஞரான ஒரு போலீஸ்காரர் குனிந்து சிலவற்றைப் பொறுக்கிச் சாமி நின்ற குழியின் ஓரத்தில் வைத்தார். தூக்கும் முன் அந்த இளைஞர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே மருந்து கெட்டுப்போயிருந்தால் தாங்கள் வைக்கும் வெடியின் சத்தம் மட்டும் கேட்கும், பட்டாசு மாதிரி இருக்கும் என்று சார்ஜன் சொல்லியிருந்தார். அது பட்டாசு மாதிரி இல்லை. காலடியில் மண் ஒரு தடவை நகர்ந்தது. கோயில் தகரம் அதிர்ந்து அடங்கக் கொஞ்ச நேரமானது. செம்பனைக் காட்டிலிருந்து பறவைகள் மொத்தமும் கிளம்பின.

மணியம் அண்ணன் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "சக்தி உள்ளவருதான்" என்றார்.

"இத்தன நாளும் பொறுத்துக்கிட்டாரே" என்றார் லெட்சுமி அக்கா. அதற்குப் பிறகுதான் அழுதார்.

இதோடு முடிந்திருந்தால் இதை உங்களுக்கு ஒரு நல்ல அனுபவம் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன்.

அடுத்த வாரம் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் வந்து காலிக் குழியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு நான்காவது கடிதம் வந்தது. மரியாதையான கடிதம். உள்ளே வழிபடும் பொருள் ஏதும் இல்லாததால் இதை ஒரு கொட்டகையாகவே கருத முடியும், வரும் சனிக்கிழமை நிலம் அளக்க ஆட்கள் வருவார்கள் என்று இருந்தது. அந்தத் தோட்டத்தில் போர்க்காலக் குண்டு விழுந்து முப்பது பேர் பிழைத்தார்கள், அந்தக் கோயில் நினைவிடமாகக் காக்கப்பட வேண்டியது என்று நான் நகராண்மைக் கழகத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினேன். மூன்று படிகள் எடுத்து, ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை. மணியம் அண்ணனின் பேச்சை ஆதாரமாக இணைத்திருக்கிறேன். குண்டுதான் சாமி என்று அவர் சொன்ன பகுதி அதில் இல்லை. அதற்குள் நான் கருவியை நிறுத்தியிருந்தேன்.

நேற்று மணியம் அண்ணன் கூப்பிட்டார்.

"நீங்க போலீஸ கூப்பிட்டது தப்புன்னு சொல்லல தங்கச்சி. என் புள்ளயும் அங்கதான் வெளாடுது. ஆனா எடம் காலியா இருக்கு. வெள்ளிக்கிழம வரும்போது ஒரு கல்லு கொண்டாந்து உங்க கையால வச்சிருங்க."

"நானாண்ணே? நீங்கதானே பூசாரி?"

"எடுக்க வச்ச கை உங்க கை. வைக்கிறதும் நீங்களா இருக்கட்டும்."

"புதுசா வச்ச கல்லுன்னு அவங்க சொல்லிருவாங்களே."

"நான் வச்சாலும் அதான் சொல்வான், நீங்க வச்சாலும் அதான் சொல்வான். அவன் என்ன சொல்றான்னு பாத்தா கும்பிடுறோம்? சனிக்கிழம அவன் வரும்போது உள்ள ஒருத்தர் இருக்கணும்லா. அவ்வளவுதான்."

நம் வேலையின் முதல் விதி நீலக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. இருப்பதைப் பதிவுசெய், எதையும் சேர்க்காதே, எதையும் எடுக்காதே. எடுப்பதை ஏற்கெனவே செய்துவிட்டேன். இப்போது வைத்தால் இரண்டாவதையும் செய்தவளாவேன். பத்து வருடம் கழித்து உங்களில் ஒருவர் அங்கே போவீர்கள். இந்தச் சாமி ஜப்பான் காலத்தில் வந்தவர் என்று அவர்கள் சொல்வார்கள். நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். அது பொய்யாகுமா? வைக்காவிட்டால், சனிக்கிழமை அளக்க வருகிறவர்கள் காலிக் குழியைத்தான் அளப்பார்கள். பன்னிரண்டு குடும்பங்களுக்கும் அதற்கு மறுவாரம் வந்து நிற்க இடம் இருக்காது. அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

ஒரு கல்லைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஆற்றுக் கல், முழங்கால் உயரம். யாழினியின் மஞ்சள் துண்டில் சுற்றி, காரின் பின்பெட்டியில் வைத்திருக்கிறேன். என் கணவர் திறந்து பார்த்துவிட்டு, "இது வெறும் கல்லுதானே" என்றார். ஆமாம் என்றேன். ஆனாலும் நேற்றிலிருந்து வேகத்தடைகளில் மெதுவாகத்தான் போகிறேன்.

மேலாளரிடம் கேட்டால் எழுத்து மூலம் கேட்கச் சொல்வார். அம்மாவிடம் கேட்டால் வை என்பார். சார்ஜனிடம் கேட்க முடியாது. நீங்கள் இருவரும் இன்னும் வேலையில் சேரவில்லை. நீலக் கோப்பைப் படித்திருக்க மாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். வைக்கட்டுமா, வேண்டாமா? வைத்தால் படிவத்தில் எந்தக் கட்டத்தில், யார் வைத்ததாக எழுதுவது? வியாழக்கிழமை மாலைக்குள் ஒரு வரி போதும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் கிளம்ப வேண்டும்.